மூட்டை கட்டுவதா, அவிழ்ப்பதா?

அண்டை நாட்டில் அடிதடி, ஆட்சி மாளிகைக்குத் தீ, அமைச்சர்கள் ஓட்டம்! காலையில் ஏட்டைப் பிரித்ததும் இப்படியொரு செய்தி கண்ணில் பட்டால், "ஐயோ பாவம்" என்று கூறிவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவோர் பலர். ஆனால் அதே நாட்டுக்கு அடுத்த மாதம் செல்வதற்குச் சீட்டு எடுத்து, புதுப்பெட்டி வாங்கி, பிள்ளைகளை நாளெண்ணச் சொல்லிவிட்டுக் காத்திருப்பவருக்கு, அந்தச் செய்தி அந்தப் பக்கத்தோடு முடிவதில்லை. அது அவர் வீட்டுக்குள் நுழைகிறது, அடுப்படியில் உட்காருகிறது, இரவு உறக்கத்தையும் கெடுக்கிறது. போவதா, நிற்பதா? கட்டிய மூட்டையை அவிழ்ப்பதா, அவிழ்க்காமல் துணிந்து புறப்படுவதா?

சின்னஞ்சிறு கேள்விதானே, இதற்கொரு தலையங்கப் பக்கமா என்று எவரேனும் கேட்கக்கூடும். செல்வர்க்கு இது சின்னஞ்சிறு கேள்விதான். இந்த நாடு இல்லையென்றால் இன்னொரு நாடு. இந்த மாதம் இல்லையென்றால் அடுத்த மாதம்! ஆனால் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணத்தை வாழ்நாளில் ஒருமுறை ஊர்காணச் செலவிடத் துணிந்த எளியவனுக்கு, அது எளிய கேள்வி அன்று. அந்தப் பணத்தில் அவன் வியர்வை இருக்கிறது. அந்தப் பயணத்தில் அவன் பிள்ளைகளின் கனவு இருக்கிறது. எளியவன் வீட்டில் எழும் கேள்வியை ஏறெடுத்துப் பாராத ஏடு, ஏடாக இருந்துதான் என்ன பயன்?

2025ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் இந்தக் கேள்வி சேர்வராயன் மலைமீதும் ஏறி வந்தது. சேலத்து அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் எந்தப் பொருளும் ஏற்காட்டுக்கு வந்தாக வேண்டும். செய்திக்கு மட்டும் வளைவும் இல்லை, வண்டியும் வேண்டியதில்லை. ஏற்காடு வட்டத்து வெள்ளக்கடையிலே நம் நண்பர்கள் சிலர் — சிறு காப்பித் தோட்டக்காரர் ஒருவர், பள்ளி ஆசிரியர் ஒருவர், வாடகை வண்டி ஓட்டுபவர் ஒருவர் — தத்தம் குடும்பத்தாருடன் தீபாவளி விடுமுறையையொட்டி நேபாளம் சென்றுவர முன்பணம் கட்டியிருந்தனர். கோவில் காணவா, குளிர்மலை காணவா என்று நாம் குறுக்கு விசாரணை செய்யவில்லை. மலையில் பிறந்தவனுக்கு இன்னும் பெரிய மலையைப் பார்க்க ஆசை இருக்காதா, என்ன! காப்பிப் பழம் பறிப்பு தொடங்கிவிட்டால் தோட்டக்காரர் நகர முடியாது. அது முடிந்ததும் மிளகு காத்திருக்கும். ஆகவே அவர்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு வாரந்தான்.

அந்த நேரத்தில் வந்தது நேபாளத்துச் செய்தி. செப்டம்பர் 4ஆம் நாள் இருபத்தாறு சமூக வலைத்தளங்களுக்கு அந்நாட்டு அரசு தடைபோட்டது. தடை ஒரு தீக்குச்சி. ஊழலும், வேலையின்மையும், ஆளவந்தார் வீட்டுப் பிள்ளைகளின் ஆடம்பரமும் ஏற்கெனவே குவிந்துகிடந்த சருகு. 8ஆம் நாள் இளைஞர் பட்டாளம் காத்மாண்டு வீதிக்கு வந்தது. துப்பாக்கி பேசிற்று, அன்று ஒரே நாளில் பத்தொன்பது பேர் மாண்டனர். மறுநாள் தலைமை அமைச்சர் ஒலி பதவி விலகினார். நாடாளுமன்றம் எரிந்தது, சிங்க தர்பார் எரிந்தது, உச்ச நீதிமன்றம் எரிந்தது, வெளிநாட்டார் தங்கும் வானளாவிய விடுதி ஒன்றும் எரிந்தது. விமான நிலையம் மூடப்பட்டது. எல்லாம் அடங்கியபின் கணக்கெடுத்தபோது, மாண்டோர் எழுபதுக்கும் மேல். அவருள் நம் நாட்டிலிருந்து சென்ற பயணியும் உண்டு.

வெள்ளக்கடை நண்பர்கள் நம்மைக் கேட்டனர்: "அண்ணே! கட்டின பணம் போனால் போகட்டும் என்று நின்றுவிடுவதா? அல்லது அடுத்த மாதத்துக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பிப் போவதா?"

கேட்டவர்கள் மூவர், அவர்களுக்கு அறிவுரை வழங்க வந்தவர்களோ முந்நூறு பேர்! அந்த அறிவுரைகளை வகைப்படுத்தினால் மூன்று குரல்கள் கேட்கும்.

முதற்குரல், அச்சத்தின் குரல். "நேபாளம் மட்டுமா? வெளிநாடே வேண்டாம். வீட்டுக் கதவைத் தாழிட்டுக்கொண்டு இரு" என்கிறது அது. இரண்டாவது, வீம்பின் குரல். "சாவு வருவதென்றால் சேலம் கடைத்தெருவிலும் வரும். நாலு பேர் கல்லெறிந்தால் நாடே எரிகிறது என்று பொருளா? போய் வா!" என்கிறது. மூன்றாவது, அறத்தின் உடை அணிந்து வரும் குரல். "அங்கே மக்கள் செத்துக்கொண்டிருக்க, உனக்கென்ன உல்லாசம்?" என்று உருக்கமாகக் கேட்கிறது.

மூன்றையும் நாம் காது கொடுத்துக் கேட்போம். ஆனால் மூன்றிலும் ஒரு குறை பொதுவாக உண்டு. மூன்றுமே கேள்வி கேட்காமல் விடை கூறுகின்றன! எந்த ஊரில் கலவரம், எவர்மீது கோபம், எப்போது பயணம், எவரெவர் போகிறார்கள் என்ற எந்த விசாரணையும் இல்லாமல் தீர்ப்பு எழுதும் நீதிபதியை நாம் ஏற்போமா? பயணத்துக்கு மட்டும் ஏன் அத்தகைய தீர்ப்பை ஏற்க வேண்டும்? ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது பழமொழி. ஆழத்தைப் பார்க்காமலேயே ஆற்றைவிட்டு ஓடு என்று எந்தப் பழமொழியும் கூறவில்லை.

ஆழம் பார்ப்பது எப்படி? நமக்குக் கூப்பிடு தொலைவில் இருக்கும் இலங்கையே அதற்குப் பாடநூல்.

அந்தத் தீவுக்கும் நமக்கும் உள்ள உறவு உல்லாசப் பயண உறவு மட்டுமன்று. இருநூறு ஆண்டுகட்கு முன்பு தொடங்கி, சேலம், திருச்சி, மதுரை, இராமநாதபுரம் என்று நம் சீமையின் வறண்ட ஊர்களிலிருந்து கூலிகளாகச் சென்றவர்களின் வழித்தோன்றல்கள் அந்த மலையகத்தில் தேயிலை கிள்ளுகிறார்கள். சேர்வராயன் மலையில் 1820களில் மாவட்ட ஆட்சியர் காக்பர்ன் காப்பிச் செடி நட்டுப் பார்த்த அதே காலத்தில்தான், கண்டிச் சீமையிலும் வெள்ளையர் காப்பி பயிரிடத் தொடங்கினர். இங்கே அந்தக் காப்பி நிலைத்தது. அங்கே நோய் தாக்கி அழிந்து, அதன் இடத்தில் தேயிலை வந்தது. செடி மாறிற்று, குனிந்த முதுகு மாறவில்லை. ஆகவே இலங்கையைப் பற்றி நாம் பேசும்போது, பக்கத்து வீட்டுக்காரனைப் பற்றி மட்டும் பேசவில்லை. பங்காளியைப் பற்றியும் பேசுகிறோம்.

2022ஆம் ஆண்டு அந்தத் தீவில் என்ன நடந்தது? கருவூலத்தில் அந்நியச் செலாவணி வறண்டது. மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு. பெட்ரோலுக்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. வரிசையில் நின்றவாறே முதியவர்கள் சுருண்டு விழுந்து இறந்த கொடுமையும் நடந்தது. ஏப்ரல் 12ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித்தர இயலாது என்று அரசு கைவிரித்தது. மே 9ஆம் நாள் பிரதமர் மகிந்த இராசபக்சே விலகினார். சூலை 9ஆம் நாள் மக்கள் வெள்ளம் குடியரசுத் தலைவர் மாளிகைக்குள் புகுந்தது. 13ஆம் நாள் கோத்தபய இராசபக்சே நாட்டை விட்டே ஓடினார். முள்ளிவாய்க்காலின் வெற்றி வீரராகத் தம்மைத் தாமே வாழ்த்திக்கொண்டவர், பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு விமானத்தில் ஒளிந்து வெளியேற நேர்ந்தது. வரலாறு வட்டி போட்டு வசூலிக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

இந்தக் கொந்தளிப்பின் நடுவே இரண்டு விருந்துகள் அந்தத் தீவுக்கு வரவேண்டியிருந்தன. இரண்டும் கிரிக்கெட் விருந்துகள்.

ஒன்று, ஆஸ்திரேலிய அணி. அது 2022 சூன், சூலைத் திங்களில் இலங்கையில் ஆடுவதாக இருந்தது. "வேண்டாம் அந்த வம்பு" என்று நின்றுவிடவில்லை, வந்தது. சூன் 24ஆம் நாள் கொழும்பில் கடைசி ஒருநாள் ஆட்டத்தின்போது, இலங்கை இரசிகர்களே ஆஸ்திரேலிய அணியின் மஞ்சள் சட்டையை அணிந்துகொண்டு, "வந்தீர்களே, நன்றி" என்று முழங்கினர். மக்கள் மாளிகைக்குள் புகுந்த அதே சூலை 9ஆம் நாள், காலியில் டெஸ்ட் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. திடலுக்கு வெளியே முழக்கம், உள்ளே ஆட்டம். ஒரு கல்கூட ஆட்டக்காரர்மீது விழவில்லை. அவர்களும் தம் பரிசுப் பணத்தை இலங்கைக் குழந்தைகளின் பசி தீர்க்க யூனிசெப் அமைப்புக்கு வழங்கினர்.

மற்றொன்று, ஆசியக் கோப்பை. அதே ஆண்டு ஆகஸ்டில் இலங்கையில் நடந்திருக்க வேண்டியது. நிலைமை சரியில்லை என்று அரபு அமீரகத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே சென்று அக்கோப்பையை வென்ற அணி எது தெரியுமா? இலங்கைதான்! வெற்றி கிடைத்தது, ஆனால் அந்த ஆட்டங்களைக் காண வந்திருக்கக்கூடிய கூட்டமும், அக்கூட்டத்தின் செலவால் பிழைத்திருக்கக்கூடிய விடுதிப் பணியாளனும், முச்சக்கர வண்டிக்காரனும் ஏமாந்து நின்றனர்.

அப்படியானால் ஆஸ்திரேலியா செய்தது சரி, ஆசியக் குழு செய்தது தவறு என்று தீர்ப்புக் கூறிவிடலாமா? அவசரப்படலாகாது. ஓர் அணி வருவது வேறு. ஆறு நாட்டு அணிகளும், அவற்றோடு ஆயிரக்கணக்கில் இரசிகர்களும் வருவது வேறு. நாட்டில் பெட்ரோல் இல்லாத நேரத்தில் அத்தனை பேருக்கும் வண்டி எங்கிருந்து வரும்? ஆகவே ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஆனால் வந்ததும் நியாயம், வராததும் நியாயம்! போவதா, நிற்பதா என்பதற்கு ஒற்றைச் சொல்லில் விடை தேடுவோர் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றனர்.

எனவே நாம் வெள்ளக்கடை நண்பர்களுக்குச் சொன்னது, "போ" என்றும் அன்று, "நில்" என்றும் அன்று. "நான்கு கேள்விகள் கேளுங்கள்" என்றோம்.

முதற் கேள்வி: கோபம் எவர்மீது? 2022இல் இலங்கை மக்களின் கோபம் ஆண்டவர்கள்மீது, வந்தவர்கள்மீது அன்று. ஆனால் அதே இலங்கையில், 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள், ஈஸ்டர் ஞாயிறன்று வெடித்த குண்டுகள் தேவாலயங்களையும், வெளிநாட்டார் தங்கும் பெரிய விடுதிகளையும் குறிவைத்தே வெடித்தன. இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1983 சூலையிலோ, தமிழன் என்ற ஒரே காரணத்துக்காக வீடு புகுந்து வெட்டினார்கள். மூன்றையும் ஏடுகள் 'கலவரம்' என்ற ஒரே சொல்லால் குறிக்கலாம். ஆனால் மூன்றும் ஒன்றல்ல. அரசனை எதிர்க்கும் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கும் விருந்தாளி பெரும்பாலும் பிழைத்துக்கொள்வான். விருந்தாளியையே தேடி வரும் கூட்டத்தின் முன்னே அவன் பிழைப்பது அரிது. முதல் வகையாயின் பொறுத்துப் பார்க்கலாம். இரண்டாவது வகையாயின் யோசிக்கவே வேண்டாம், நின்றுவிடுங்கள்.

இரண்டாவது கேள்வி: போனால் திரும்ப வழியுண்டா? காத்மாண்டு விமான நிலையம் செப்டம்பர் 9ஆம் நாள் மூடப்பட்டு, மறுநாள் மாலை திறக்கப்பட்டது. ஒரு நாள்தானே என்பீர்கள். அந்த ஒரு நாள், இதய நோய்க்கு மாத்திரை தீர்ந்துபோன முதியவருக்கு ஒரு நாளன்று. கைக்குழந்தைக்குப் பால் தேடும் தாய்க்கு ஒரு நாளன்று. நேபாளம் செல்ல நமக்குக் கடவுச்சீட்டுக்கூடத் தேவையில்லை, வாக்காளர் அட்டையே போதும். அதனாலேயே பலர் அதை வெளிநாடென்று எண்ணுவதில்லை. நுழைவது எளிது என்பதால் வெளியேறுவதும் எளிதாக இருக்கும் என்று பொருளன்று. இளைஞர் நால்வர் போவதும், பாட்டியும் பேரனும் உடன்வரப் போவதும் ஒன்றாகா. ஆபத்தை அளக்கும்போது குழுவில் வலியவனைக் கொண்டு அளக்காதீர். மெலியவரைக் கொண்டு அளந்து பாருங்கள்.

மூன்றாவது கேள்வி: நாம் சென்றால் அங்குள்ளவன் தட்டில் சோறு விழுமா, அல்லது அவன் தட்டிலிருந்து எடுத்து நாம் உண்போமா? இந்தக் கேள்வியைத்தான், "அங்கே மக்கள் சாக, இங்கே உனக்கு உல்லாசமா" என்று கேட்கும் அன்பர்கள் கேட்கத் தவறுகின்றனர். 2022 சூன் இறுதியில் இலங்கையில் இன்றியமையாப் பணிகளுக்கு மட்டுமே பெட்ரோல் என்று அரசு நிறுத்திவைத்தது. அந்த நாளில் ஒரு சுற்றுலாக் கூட்டம் குளிர்சாதன வண்டியில் நுவரெலியா மலையேறுவது, நோயாளி வண்டிக்குச் சேரவேண்டிய எண்ணெயை உறிஞ்சுவதாகும். அன்று போகாதிருப்பதே அன்பு. ஆனால் அதே ஆண்டு இறுதியில்? எண்ணெய் வந்துவிட்டது, விளக்கு எரிந்தது, விடுதிகள் மட்டும் காலியாகக் கிடந்தன. 2018இல் இருபத்து மூன்று இலட்சம் பேர் வந்த நாட்டுக்கு 2022இல் வந்தவர் ஏழு இலட்சத்துச் சொச்சம். அன்று போவதே அன்பு! 2024இல் அந்த எண்ணிக்கை மீண்டும் இருபது இலட்சத்தைத் தாண்டிற்று. வந்தவருள் முதலிடம் நம் நாட்டவருக்குத்தான். சூனில் போகாதவனும், திசம்பரில் போனவனும் ஒரே அறத்தைத்தான் செய்தார்கள். காலம் மாறியது, ஆகவே கடமையும் மாறியது.

நான்காவது கேள்வி: அந்நாட்டு மக்கள் நம்மை அழைக்கிறார்களா, வேண்டாம் என்கிறார்களா? ஏனெனில் அச்சத்தால் போகாதிருப்பது ஒன்று. அறத்தால் போகாதிருப்பது வேறொன்று. நிறவெறி கோலோச்சிய நாளில் தென்னாப்பிரிக்காவுக்குச் செல்லாதே என்று நம் நாட்டுக் கடவுச்சீட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. ஒடுக்கப்பட்ட அந்த மக்களே உலகத்தைப் பார்த்து, "வராதீர்கள், வாங்காதீர்கள், ஆடாதீர்கள்" என்று கேட்டுக்கொண்டனர். பர்மாவின் படைத்தலைவர்கள் 1996இல் பயணிகளை வருக வருக என்று வரவேற்றபோது, சிறைப்பட்ட மக்களின் தலைவியான ஆங் சான் சூகி, "இப்போது வராதீர்" என்றார். அங்கே போகாமல் நின்றவன் கோழை அல்லன், தோழன். 2013இல் ஈழத்துக் கொடுமையை எண்ணிக் குமுறிய தமிழகம், சென்னை ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை ஆட்டக்காரர் வேண்டாம் என்றதே, அதுவும் அச்சம் அன்று. அது ஓர் இனத்தின் கேள்வி.

ஆனால் 2022இல் இலங்கை வீதியில் நின்றவன், சிங்களனாயினும் தமிழனாயினும், "எங்கள் ஆட்சியாளனை வெறுக்கிறோம், எங்கள் நாட்டை மறந்துவிடாதீர்" என்றுதான் கூறினான். அதை உணர்ந்துதான் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அவ்வாண்டு ஏப்ரல் 29ஆம் நாள் தீர்மானம் நிறைவேற்றியது. மே 18ஆம் நாள் சென்னைத் துறைமுகத்திலிருந்து அரிசியும், பால்மாவும், மருந்தும் ஏற்றிய முதற்கப்பல் புறப்பட்டது. நாற்பதாயிரம் டன் அரிசி, ஐந்நூறு டன் பால்மா தருவதென்பது திட்டம். தமிழனுக்கு மட்டும் என்று மூட்டையில் முத்திரை குத்தவில்லை. பசித்த அனைவர்க்கும் என்றே அனுப்பினோம். மே 18! முள்ளிவாய்க்காலின் நினைவு நாள்! அந்த நாளில் அரிசி அனுப்பிய நெஞ்சம் எத்தகையது என்பதை உலகம் உணரட்டும்.

இந்த நான்கு கேள்விகளையும் ஏற்காட்டு மக்களிடம் நாம் விளக்கத் தேவையே இல்லை. வருகிறேன் என்றவர் வராமற்போனால் என்ன ஆகும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் யார்? 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் கொரோனாவால் ஏற்காட்டில் கோடை விழா இல்லை. ஏரியிலே படகு கட்டப்பட்டுக் கிடந்தது. மலர்க் காட்சிக்கு வரும் கூட்டத்தை நம்பிச் சோளக்கதிர் சுட்டு விற்றவள், மிளகும் கிராம்பும் பொட்டலம் கட்டி விற்ற மலையாளிப் பழங்குடிப் பெண், சுற்றுலா வண்டி ஓட்டியவன், விடுதியில் படுக்கை விரித்தவன் — இவர்கள் வீட்டு உலை எப்படிக் கொதித்தது என்று எவர் கேட்டார்? 2022 மே மாதம் விழா மீண்டும் வந்தது. மலைமீது மக்கள் ஏறிவருவதைக் கண்ட அந்த முகங்களில் என்ன மலர்ச்சி! அதே மே மாதத்தில் நுவரெலியாவில் அந்த மலர்ச்சி இல்லை. அங்கேயும் ஓர் ஏரி. அங்கேயும் ஒரு படகு. அங்கேயும் கதிர் விற்கும் ஒருத்தி. வெளிநாட்டான் எவனோ வராததால் அவள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. அவள் பேசும் மொழியும் நம் மொழிதான்.

ஆகவே, "போகவில்லை" என்று கூறுவதற்கு முன், அந்தச் சொல் யார் வயிற்றில் விழுகிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்காக உயிரைப் பணயம் வைத்துப் போ என்று நாம் கூறமாட்டோம். அஞ்சத்தக்கதற்கு அஞ்சுவது அறிவுடையார் செயல் என்றார் வள்ளுவர். அஞ்சத்தக்கது எது என்று அறியாமல், எல்லாவற்றுக்கும் அஞ்சுவதை அறிவென்று அவர் சொல்லவில்லை.

இனிப் பணத்தைப் பற்றி. பதறாத காரியம் சிதறாது என்பது இங்கே பழமொழி மட்டுமன்று; கணக்கும்கூட. செய்தி வந்த அன்றே பதறிப்போய் நாமாகச் சீட்டைத் திருப்பினால், பிடித்தம் போக மிஞ்சியதுதான் கைக்கு வரும். சில சீட்டுகளுக்கு அதுவும் வராது. விமான நிறுவனமே பயணத்தை நிறுத்தினால், மாற்று விமானமோ முழுப்பணமோ தருவது அதன் கடமை. எனவே புறப்படும் நாள் தொலைவில் இருக்கும்போது, எந்த நாள்வரை காத்திருந்தால் எவ்வளவு பிடிப்பர் என்பதைக் கேட்டறிந்து, அந்த எல்லை நாள் வரை பொறுப்பதே புத்தி. நிறுத்துவதைவிடத் தள்ளிவைப்பது மேல்; அது நமக்கும் நட்டம் குறைவு, அங்குள்ளவனுக்கும் நம்பிக்கை. காப்பீடு எடுத்திருக்கிறோமே என்று கவலையற்று இருப்பவர்கள், பத்திரத்தின் பொடியெழுத்தைப் படித்துப் பார்க்கட்டும். போரும் உள்நாட்டுக் கலகமும் பல காப்பீடுகளில் விலக்கு. கலவரம் தொடங்கியபின் எடுத்த காப்பீடோ, வெள்ளம் வந்தபின் போட்ட அணை!

நேபாளத்தில் செப்டம்பர் 12ஆம் நாள் முன்னாள் தலைமை நீதிபதி சுசீலா கார்க்கி இடைக்காலப் பிரதமரானார். அந்நாட்டின் முதல் பெண் பிரதமர் அவர். ஊரடங்கு விலகியது, தேர்தல் நாளும் குறிக்கப்பட்டது. அரசு எரிந்த நான்காம் நாளே அடுத்த அரசு அமைந்தது. முதல் நாளே மூட்டையை அவிழ்த்தவர் அந்த நான்கு நாள் பொறுத்திருந்தால், தெளிவாக முடிவெடுத்திருக்கலாம். பொறுத்தபின்னும் போக வேண்டாம் என்று ஒருவர் முடிவெடுத்தால், அது அவர் உரிமை. அதை அச்சம் என்று ஏசுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. பொறுத்தபின் போகிறேன் என்றால், அதை அடாவடி என்று ஏசவும் எவருக்கும் உரிமையில்லை. விசாரித்து எடுத்த முடிவு எதுவாயினும் அது மதிக்கத்தக்கது.

விசாரிக்கச் சொல்கிறீர்களே, வெள்ளக்கடையில் இருப்பவன் எங்கே போய் விசாரிப்பான் என்ற கேள்வி இங்கே எழும். எழ வேண்டும். அதுதான் இந்தக் கட்டுரையின் கருவே.

நேபாளம் எரிந்தபோது, நிலைமை சீராகும்வரை அங்கே செல்வதைத் தள்ளிவையுங்கள் என்று தில்லி வெளியுறவுத் துறை அறிவுரை வெளியிட்டது. நல்லது, கடமையைச் செய்தது. ஆனால் எந்த மொழியில்? ஆங்கிலம் அறிந்தவன் படித்தான். அறியாதவனுக்கு வாட்சப்பில் வந்த வதந்திதான் வெளியுறவுத் துறை! எரியாத ஊரை எரித்தும், இறக்காதவரைச் சாகடித்தும் அனுப்பப்படும் அந்தப் படங்களை நம்பி, ஒரு குடும்பம் வாழ்நாள் சேமிப்பைக் கைவிடுகிறது. இன்னொரு குடும்பம் "ஒன்றுமில்லையாம்" என்று நம்பித் தீயை நோக்கிப் புறப்படுகிறது. இருவரையும் கெடுத்தது ஒன்றே: புரியும் மொழியில் உண்மை கிடைக்காமை. வரி மட்டும் தமிழில் வாங்குகிறீர்களே, ஐயா! எச்சரிக்கை மட்டும் ஏன் தமிழில் வரக்கூடாது? உயிரைக் காக்கும் செய்திக்கு மொழிபெயர்ப்பாளர் ஒருவரை அமர்த்தினால் பேரரசின் கருவூலம் வற்றிவிடுமா?

ஆகவே நாம் கேட்பது மூன்று. ஒன்று: வெளிநாட்டுப் பயண எச்சரிக்கை எதுவாயினும், அது வெளியான அன்றே தமிழிலும், மற்ற மாநில மக்களின் மொழிகளிலும் வெளிவர வேண்டும். இரண்டு: அதை வட்டாட்சியர் அலுவலகம் வரை கொண்டு சேர்க்க வேண்டும், மலைமேல் இருப்பவன் மாவட்டத் தலைநகருக்கு இறங்கிவந்துதான் உண்மையை அறிய வேண்டுமா? அயலகத் தமிழர் நலனுக்கெனத் தனித்துறை கண்ட தமிழ்நாடு, இதிலும் மற்றவர்க்கு வழிகாட்டட்டும். மூன்று: சுற்றுலா ஏற்பாடு செய்வோர் பணம் வாங்கும்போதே, எந்த நாளில் நிறுத்தினால் எவ்வளவு திரும்பும் என்பதைத் தமிழில் எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டும். சிரித்த முகத்தோடு பணம் வாங்குவோர் சிக்கல் வந்தபின் விதிப்புத்தகத்தை நீட்டுவது வாணிபம் அன்று, வழிப்பறி.

உழைப்பவனுக்கு உலகம் காணும் உரிமை இல்லையா? ஒரு காலத்தில் கடல் கடந்தால் சாதி கெடும் என்று நம்மைத் தடுத்தார்கள். பின்னர், கூலியாக மட்டும் கடல் கடக்கலாம் என்றார்கள். கப்பலின் அடித்தட்டில் அடைத்து அனுப்பினார்கள். இன்று நம் மக்கள், எவர்க்கும் கூலியாக அன்று, விருந்தாளியாகக் கடல் கடக்கிறார்கள், மலை கடக்கிறார்கள். எத்தனை தலைமுறை உழைத்துப் பெற்ற உரிமை இது! அதை ஒரு வதந்திக்கு விட்டுக்கொடுப்பதா? அல்லது வீம்புக்குப் பலியிடுவதா? இரண்டும் வேண்டாம்.

செய்தி வந்ததும் மூட்டையை அவிழ்க்காதீர். அவிழ்க்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கவும் செய்யாதீர். முடிச்சைக் கையில் பிடித்தவாறு கேளுங்கள்: கோபம் எவர்மீது? திரும்ப வழியுண்டா? நாம் சென்றால் அவர்களுக்குச் சோறா, சுமையா? அவர்கள் அழைக்கிறார்களா, வேண்டாம் என்கிறார்களா? இந்த நான்கிற்கும் நேர்மையான விடை கிடைத்தபின், போவதும் பெருமை, நிற்பதும் பெருமை. கேட்காமல் போவதும் கேடு. கேட்காமல் நிற்பதும் கேடு. கேட்பவனுக்கு அவன் மொழியில் விடை தராமல் இருக்கும் அரசோ, அந்த இரு கேட்டிற்கும் பொறுப்பு!